முடிவு தெரிந்த வழக்கு

கேள்வி: பொய்க் குற்றச்சாட்டைப் பற்றிய நீதிமன்ற நாவல் ஒன்றை ஆவலோடு வாசித்தேன். மட்டக்களப்பில் கூட்டுறவுச் சங்கக் காசாளரான இளைஞர் மீது பணக் கையாடல் பழி விழுகிறது. பழியைச் சுமத்தியவர் முகாமையாளர் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. வழக்கின் கடைசித் தவணையில் எவரும் அறியாத சாட்சி ஒருவர் வந்து காசாளரை மீட்பார் என்றும் ஊகித்தேன், அப்படியே நடந்தது. முடிவை முன்னரே ஊகித்ததுதான் என் ஏமாற்றத்துக்குக் காரணமா?
– வாசகி ஒருவர், தம்பிலுவில்

பதில்: முடிவு தெரிந்திருந்தது காரணமாக இருக்க முடியாது. உங்கள் ஊரிலும் காரைதீவிலும் செட்டிபாளையத்திலும் வைகாசிச் சடங்குக் காலத்தில் கோவலன் கண்ணகி கதையைச் சொல்லும் கண்ணகி வழக்குரை பாடப்படும்போது, கோவலன் கள்வன் அல்லன் என்பதை அறியாத எவரும் அங்கே இருப்பதில்லை. இருந்தும் ஆண்டுதோறும் கேட்கிறோம். கேட்டு மனம் கலங்குகிறோம்.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை எடுத்துப் பாருங்கள். ஊடிச் சென்ற தேவியைத் தேடி மன்னன் விரையும் வேளை பார்த்துப் பொற்கொல்லன் அவன் காலில் விழுகிறான். மன்னனும் விசாரியாமல் ஆணையிடுகிறான். கோவலனை நேரில் கண்ட காவலர் இவன் கொலைக்குரியவன் அல்லன் என்கிறார்கள். பொற்கொல்லனோ மந்திரம், மருந்து, நிமித்தம் என்று களவு நூல் கூறும் எட்டு வழிகளை அடுக்கி, கோவலனுடைய நல்ல தோற்றத்தையே கள்வனின் தந்திரமாகத் திரித்துவிடுகிறான். காவலர் தயங்கி நிற்கையில் கல்வியறிவில்லாத குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். பொய் எப்படி நம்பப்பட்டது என்பதைப் படிப்படியாகக் காண்பதால் நமக்கு வயிறு எரிகிறது.

நீங்கள் குறிப்பிடும் நாவலை நானும் வாசித்தேன். அதில் பொய்யை நம்புவதற்கு எவருக்கும் காரணமே இல்லை. முகாமையாளர் முதல் வருணனையிலேயே கொடியவர். காசாளர் மீது அயலவருக்குக்கூட ஐயம் எழுவதில்லை. ஊரில் நடப்பது அப்படியா? விளக்கமறியலில் இருந்து பிணையில் வந்தவரோடு பேசத் தயங்கும் உறவினர்களும், தவணைக்குத் தவணை நீளும் காலமும், மெல்லத் தமக்கே தம்மீது வரும் சந்தேகமும் அல்லவா அந்தக் கதையின் உயிர்! அவற்றை ஆசிரியர் ஒரு பந்தியில் கடந்துவிட்டார் என்பதே எனக்குப் பெரிய மனத்தாங்கல்.

சட்டமும் அங்கே பிழைக்கிறது. பொலிஸாரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலம் ஒன்றே எதிரியை, அதாவது குற்றஞ்சாட்டப்பட்ட காசாளரை, மாட்டிவைப்பதாக நாவல் சொல்கிறது. ஆனால் இலங்கையில் 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, பொலிஸ் உத்தியோகத்தரிடம் கூறிய ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்க இடமளிப்பதில்லை. பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்குகளுக்கு வேறு விதி உண்டு. கூட்டுறவுக் காசாளரின் வழக்கு அந்த வகையைச் சேர்ந்ததன்று. ஆகவே அந்த நாவலின் ஆபத்து முழுவதும் எதிரியின் சட்டத்தரணி எழுந்து ஆட்சேபித்தாலே கலைந்துவிடக்கூடியது. உண்மையான ஆபத்து இல்லாத இடத்தில் கடைசிச் சாட்சியின் வருகை எப்படி நம்மை உலுக்கும்?

வி. சீ. கந்தையா பதிப்பித்த கண்ணகி வழக்குரை உங்கள் ஊர் நூலகத்தில் கிடைத்தால், அதனைக் கொலைக்களக் காதையோடு சேர்த்து வாசியுங்கள். எந்த இடத்தில் பொய்யைத் தடுத்திருக்கலாம் என்று ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டபடி வாசித்துவிட்டு, நீங்கள் கண்டதை எங்களுக்கு எழுதுங்கள்.