பூக்கடைக்குச் செண்டிரியான் பெர்ஹாட் தேவையா?

கேள்வி: ஐயா, பினாங்கு லிட்டில் இந்தியாவில் பூமாலைக் கடை வைத்திருக்கிறேன். சொந்தப் பெயரில் பதிவு செய்த வியாபாரம். செலவு போக ஆண்டுக்கு 72,000 ரிங்கிட் அளவில் நிற்கிறது. சில ஆண்டுகளாகவே இதே நிலைதான். மனைவியும் கடையில்தான் இருக்கிறார், சம்பளம் என்று எதுவும் கொடுப்பதில்லை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருவர். இப்போது வரி வாரியத்திடமிருந்து, வரியை முன்கூட்டியே தவணையாகக் கட்டச் சொல்லி சிபி500 என்று ஒரு கடிதம். தவணைக்கு 490 ரிங்கிட் வீதம் ஆறு தவணை கட்ட வேண்டுமாம். "செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் நிறுவனம் ஆக்கிவிடு, வரி 15 விழுக்காட்டோடு நின்றுவிடும்" என்கிறார் நண்பர் ஒருவர். ஆக்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நண்பர் சொன்ன 15 விழுக்காடு பொய்யில்லை. சிறு நிறுவனங்களின் லாபத்தில் முதல் 150,000 ரிங்கிட்டுக்கு அதுதான் விகிதம். அவர் சொல்லாமல் விட்டது, அந்த வரி முதல் ரிங்கிட்டிலிருந்தே விழும் என்பதை. 72,000 ரிங்கிட் லாபம் முழுவதும் நிறுவனத்திலேயே இருந்தால் வரி 10,800 ரிங்கிட். நிறுவனத்துக்கு மனைவியும் கிடையாது, பிள்ளைகளும் கிடையாது. அவர்கள் பெயரைச் சொல்லி வரிக் கழிவு கேட்க முடியாது.

உங்களுக்கு முடியும். சொந்தக் கழிவு 9,000, வருமானம் இல்லாத மனைவிக்கு 4,000, பிள்ளைகள் இருவருக்கும் தலா 2,000. மீதி 55,000. அதில் முதல் 50,000க்கு வரி 1,500. அடுத்த 5,000க்கு 11 விழுக்காடு, அதாவது 550. மொத்தம் 2,050 ரிங்கிட்தான். இயக்குநர் சம்பளமாக எடுத்து நிறுவன லாபத்தைக் குறைத்துக்கொள்ளலாமே என்று நண்பர் அடுத்துக் கேட்பார். எடுக்கலாம். அந்தச் சம்பளம் உங்கள் தனிநபர் கணக்கில் வந்து உட்காரும். நிறுவனச் செயலாளர் கட்டணமும் ஆண்டுக் கணக்குத் தாக்கல் செலவும் அதற்கு மேல் வரும். வரிக்குரிய வருமானம் 100,000 ரிங்கிட்டைத் தாண்டி, மேற்பட்ட ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் 25 சென் கட்டும் நிலை வந்தால் நிறுவனத்தைப் பற்றி யோசிப்போம்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது வேறொன்று. 490 ரிங்கிட் ஆறு தவணைக்கு 2,940. 72,000இல் 9,000ஐ மட்டும் கழித்து வரி போட்டுப் பாருங்கள்: 2,930 வருகிறது. சிபி500 பெரும்பாலும் முந்தைய கணக்கை வைத்தே போடப்படும். ஆகவே, போன முறை பி படிவம் (சொந்த வியாபாரம் செய்பவர்களின் வருமான வரிப் படிவம்) நிரப்பியபோது மனைவி, பிள்ளைகளுக்கான கட்டங்களை வெறுமையாக விட்டிருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். படிவத்தின் நகலை எடுத்துப் பாருங்கள். அப்படித்தான் என்றால் 880 ரிங்கிட் கூடுதலாகக் கட்டியிருக்கிறீர்கள். வருமான வரிச் சட்டத்தின் 131ஆம் பிரிவின் கீழ், தவறைக் காட்டி ஐந்து ஆண்டுகளுக்குள் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களின் நகல்களை இணையுங்கள்.

அடுத்து, உங்கள் மனைவி. விடிவதற்கு முன் மல்லிகையைப் பிரித்து நார் பிடிப்பவருக்குச் சம்பளம் இல்லை என்பது எந்தக் கணக்கிலும் நியாயமில்லை. மாதம் 1,700 ரிங்கிட் கொடுங்கள். ஆண்டுக்கு 20,400, அது கடையின் செலவு. முதலாளி என்ற முறையில் நீங்கள் கட்டும் 13 விழுக்காட்டு இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பங்கும் செலவுதான். ஆண்டு முழுவதும் கொடுத்தால், மனைவிக்கான 4,000 கழிவை இழந்த பிறகும் உங்கள் வரி 700 ரிங்கிட்டுக்குள் இறங்கிவிடும். அவர் தனியாகக் கணக்குக் காட்டினாலும், வரியில் 400 ரிங்கிட் தள்ளுபடி இருப்பதால் வரி வராது. அவர் பெயரில் சேமநிதியும் வளரும். ஒரே ஒரு நிபந்தனை: பணம் மாதாமாதம் அவருடைய வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். ஆண்டுக் கடைசியில் நோட்டில் ஒரு வரி எழுதி "கொடுத்தேன்" என்றால் அதிகாரி நம்பமாட்டார், நானும் நம்பமாட்டேன்.

கல்லாப்பெட்டி விஷயத்தையும் கேட்டுவிடுகிறேன். வீட்டுக்கு மளிகை, பிள்ளையின் டியூஷன், எல்லாம் அதிலிருந்துதானே போகிறது? நீங்கள் எடுப்பது கடைச் செலவு ஆகாது. எடுத்த தொகையைத் தனியாக எழுதுங்கள். அண்ணன் மகள் கல்யாணத்துக்குக் காசு வாங்காமல் கட்டிக் கொடுத்த மாலைக்கும் சந்தை விலையை வருமானத்தில் சேர்க்கச் சொல்கிறது சட்டம்! தண்ணீர்மலைத் தைப்பூச வாரத்தில் பூ மொத்த வியாபாரி துண்டுச் சீட்டில்தான் பில் தருவார். அதில் தேதியும் கடைப் பெயரும் கேட்டு வாங்குங்கள். எல்லாச் சீட்டையும் ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். எழுத்து மங்குவதற்குள் கைப்பேசியில் படம் பிடித்துவிடுங்கள்.

சிபி500ஐக் கிடப்பில் போடாதீர்கள். தொகை அதிகம் என்று தெரிந்தால் ஜூன் 30க்குள் சிபி502 படிவத்தில் மதிப்பீட்டைக் குறைக்கக் கேட்கலாம். ஆசைக்கு அடிமட்டத்துக்குக் குறைத்துவிட வேண்டாம். உண்மையான வரி நீங்கள் சொன்ன மதிப்பீட்டைத் தாண்டும் தொகை, அந்த வரியில் 30 விழுக்காட்டுக்கு மேல் போனால், 30 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பகுதிக்கு 10 விழுக்காடு அபராதம் சேரும். மனைவியின் சம்பளத்தை ஆண்டின் நடுவில்தான் தொடங்குகிறீர்கள் என்பதால், இந்த ஆண்டுக்கு 2,050 ரிங்கிட் என்றே போடுங்கள். திருத்திய கடிதம் கைக்கு வரும்வரை 490ஐத் தவணை தவறாமல் கட்டிக்கொண்டிருங்கள்; தவறிய தவணைக்கும் அதே 10 விழுக்காடு உண்டு.