16 வருடம் கழித்து வந்த உறுமல்

அன்புள்ள அண்ணா,

உங்கள் தளத்தில் இசை பற்றி எப்போதாவதுதான் எழுதுகிறீர்கள், ஆனாலும் இதைக் கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை. ஸ்வீடிஷ் மெட்டல் குழுவான ஓபெத்தின் 'த லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்' ஆல்பம் 2024 நவம்பரில் வந்ததிலிருந்து எங்கள் வாட்ஸப் குழுவில் ஒரே திருவிழாதான். அதில் எல்லாரும் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர்கள். "16 வருஷம் காத்திருந்தோம், தலைவன் மறுபடி உறுமிட்டான்", "நடுவுல வந்த நாலு ஆல்பத்தையும் கணக்குலயே சேர்க்காதீங்க" என்று தினமும் ஏதாவது வருகிறது. நான் ஓபெத்துக்குள் வந்ததே அந்த நாலில் கடைசியான 'இன் காடா வெனெனம்' வழியாகத்தான். 2019, கல்லூரி இரண்டாம் வருடம், ஹாஸ்டல் மொட்டை மாடி. அதில் உறுமல் ஒரு துளிகூடக் கிடையாது. இதைச் சொன்னதும் ஒருவர், "தம்பி, நீ கேட்டது ஓபெத்தே இல்ல" என்று எழுதிவிட்டார். புது ஆல்பம் எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் எல்லாரும் குதிக்கிற இடங்களில் எனக்குக் குதிக்கத் தோன்றவில்லை. இது பழைய ரசிகர்களுக்குப் பணிந்துபோனதுதானே? அந்த நாலு ஆல்பமும் நிஜமாகவே வீணா? அப்புறம் ஒரு சின்ன விஷயம், 'ஹெரிடேஜ்' சிடி உங்களிடம் இருந்தால் கொஞ்ச நாள் இரவல் கிடைக்குமா?

கா., திருப்பூர்

*

அன்புள்ள கா.,

முதலில் ஒரு குற்ற ஒப்புதல். உங்களை "தம்பி" என்று ஒதுக்கிய அந்த அண்ணன் வேறு யாரோ, ஆனால் 2011இல் நான் அவரைவிட மோசமாக இருந்தேன். 'ஹெரிடேஜ்' வந்த அன்று இரவு கேட்க உட்கார்ந்து, நாற்பது நிமிடம் தாண்டுவதற்குள் ஒரு நீளமான திட்டுப் பதிவை எழுதிப் போட்டுவிட்டேன். ஆல்பத்தின் நீளம் 57 நிமிடம். மிச்சம் இருந்த பதினேழு நிமிடத்தை மறுநாள் யாரோ "கடைசிப் பாட்டைப் பற்றி ஒண்ணும் சொல்லலையே" என்று கேட்ட பிறகுதான் கேட்டேன்.

ஓபெத்தை அறியாமல் இதைப் படிப்பவர்களுக்காக இரண்டு வரி. ஸ்டாக்ஹோம்காரர்கள். 1995இல் முதல் ஆல்பம். பாடுவது, எழுதுவது, கிட்டார், எல்லாவற்றிலும் மையம் மிக்கேல் ஓகர்ஃபெல்ட். டெத் மெட்டல் என்ற கனத்த ராக் வகையின் அடித்தொண்டை உறுமலும் எழுபதுகளின் ப்ராக்ரஸிவ் ராக்கில் வரும் அமைதியான கிட்டாரும் ஒரே பத்து நிமிடப் பாட்டுக்குள் அடுத்தடுத்து வரும், அதுதான் அவர்கள் முத்திரை. 2001இல் 'பிளாக்வாட்டர் பார்க்' வந்தபோது (போர்க்குபைன் ட்ரீ குழுவின் ஸ்டீவன் வில்சன் தயாரிப்பு) எங்கள் தலைமுறையில் ஒரு கூட்டமே மொத்தமாக விழுந்தது. 2008இல் 'வாட்டர்ஷெட்'. அதோடு ஆல்பங்களில் உறுமல் நின்றது. பிறகு 'ஹெரிடேஜ்', 'பேல் கம்யூனியன்', 'ஸார்ஸரஸ்', 'இன் காடா வெனெனம்' என்று நாலு, எல்லாம் சாதாரணக் குரலில். 2024இல்தான் உறுமல் திரும்பியது.

என் கோபம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். 2009இல் சென்னை ஐஐடியின் சாரங் விழாவுக்கு ஓபெத் வந்தார்கள். நான் கூட்டத்தில் இருந்தேன். எனக்குப் பக்கத்தில் ஒருவர், கம்பெனி ஐடி கார்டு இன்னும் கழுத்தில் தொங்க, முழுக்கைச் சட்டையை பேண்ட்டுக்குள் விட்டு, ஆபீஸிலிருந்து நேராக வந்திருந்தார். உறுமல் தொடங்கியதும் அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு சொல்லையும் கூடவே உறுமினார். ஐடி கார்டு மார்பில் தட்டித் தட்டி ஆடியது. பாட்டு முடிந்ததும் ஓகர்ஃபெல்ட் மைக்கில் பேசினார், வங்கிக் கவுண்டரில் "அடுத்தவர் வாங்க" என்று கூப்பிடுபவர் மாதிரி அவ்வளவு மெதுவான குரல், நடுநடுவே முகத்தில் சிரிப்பே இல்லாமல் கிண்டல். இதே தொண்டையிலிருந்துதானா அது வந்தது என்று பக்கத்து ஆளும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த இரவை எனக்குக் கொடுத்தவர்கள் இரண்டே வருடத்தில் அந்தக் குரலை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள் என்றால் கோபம் வராதா? வந்தது.

ஆனால் கோபத்தில் ஒரு விஷயத்தை நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. 2003இல் 'டாம்னேஷன்' என்று ஒரு ஆல்பம் போட்டார்கள். அதிலும் உறுமல் அறவே கிடையாது, முழுக்க மெல்லிய பாட்டுகள். அப்போது யாரும் கொடி பிடிக்கவில்லை, "என்ன துணிச்சல்" என்று கொண்டாடினோம். காரணம் எளிது. அதற்குச் சில மாதம் முன்னால் அதோடு சேர்த்தே பதிவுசெய்த 'டெலிவரன்ஸ்' வந்து எங்களை வயிறார உறுமலில் குளிப்பாட்டியிருந்தது. ஊருக்குப் போய்விட்டு வருகிறேன் என்பவரை வழியனுப்புவது ஒன்று, வீட்டையே காலி செய்துகொண்டு போகிறவரைப் பார்த்துக்கொண்டு நிற்பது இன்னொன்று. 2011இல் வாசலில் லாரி நின்றதைப் பார்த்துவிட்டோம். பாட்டு நன்றாக இருக்கிறதா என்ற பேச்சே எழவில்லை.

எனக்கு இதில் சொல்ல இருப்பது இதுதான், மற்றதெல்லாம் சுற்றி வருவது: உறுமல் பற்றிய சண்டை இரண்டு பக்கத்தாருக்கும் ரொம்ப வசதியான சண்டை. இருக்கிறதா இல்லையா என்று பத்து விநாடியில் தெரிந்துவிடும், மேற்கொண்டு கேட்க வேண்டியதில்லை. நான் 'ஹெரிடேஜ்' கேட்ட லட்சணம் அதுதான். உங்கள் குழுவினர் புது ஆல்பத்தை, எதிர்த்திசையில் இருந்து, அதே மாதிரிதான் கேட்கிறார்கள் என்று சந்தேகப்படுகிறேன்.

'ஹெரிடேஜ்' பற்றி உண்மையான புகார் ஒன்று உண்டு. அந்த நாளில் அதைச் சொன்னவர்கள் குறைவு, எல்லாரும் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்ததால். அதன் பாட்டுகளில் பல இடங்கள் ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாது. நல்ல ஒரு பகுதி வரும், முடியும், கொஞ்சம் மௌனம், அடுத்து சம்பந்தமில்லாத இன்னொரு நல்ல பகுதி. பழைய ஓபெத்தில் உறுமலில் இருந்து அமைதிக்குப் போகிற அந்தத் திருப்பமே மூட்டு மாதிரி வேலை செய்தது. உறுமலை எடுத்ததும் மூட்டும் சேர்ந்து போனது, அந்த இடத்தில் வைக்க வேறொன்றை அவர் அப்போது கண்டுபிடித்திருக்கவில்லை. மூன்று வருடம் கழித்து 'பேல் கம்யூனிய'னில் கண்டுபிடித்துவிட்டார் என்பது என் எண்ணம். 'ஸார்ஸரஸ்' எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை, அதை விடுங்கள்.

ஆனால் அதே 'ஹெரிடேஜ்' எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். தனிப் பியானோ, இரண்டு நிமிடம். பின்னால் யான் ஜோஹன்ஸனின் நிழல் இருக்கிறது. அவர் 1964இல் ஸ்வீடனின் நாட்டுப்பாடல்களை வெறும் பியானோவையும் டபுள் பேஸையும் வைத்து ஜாஸாக வாசித்து ஒரு ஆல்பம் போட்டார், அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு தெரிந்த இசை. 'மரபு' என்று பெயர் வைத்த ஆல்பத்தை ஓகர்ஃபெல்ட் மெட்டல் ரசிகனுக்குப் பழக்கமான ரிஃபில் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) தொடங்காமல் தன் ஊர்ப் பெரியவர்கள் கேட்டு வளர்ந்த பியானோவில் தொடங்குகிறார். மரபு என்று அவர் எதைச் சொல்கிறார் என்பது முதல் இரண்டு நிமிடத்திலேயே இருந்தது, நான் ரிஃப் எப்போது வரும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அட்டைப்படமும் அப்படித்தான். ஒரு மரம், பழங்களுக்குப் பதில் குழுவினரின் முகங்கள். அதில் ஒரு முகம் மட்டும் கிளையிலிருந்து கீழே விழுந்துகொண்டிருக்கும். அது கீபோர்டு வாசித்த பேர் விபெர்க், பதிவு முடிந்ததும் குழுவை விட்டுப் போனவர். அந்த முதல் பியானோவை வாசித்தது அவர் இடத்துக்கு வந்த யோக்கிம் ஸ்வால்பெர்க். போகிறவர் அட்டையில், வருகிறவர் முதல் பாட்டில்.

இன்னொன்று. 'ஃபாமின்' என்ற பாட்டில் புல்லாங்குழல் வாசித்தவர் பியோர்ன் லிண்ட், ஸ்வீடனின் மூத்த கலைஞர், 2013இல் இறந்துவிட்டார். அந்தக் குழல் இனிமைக்காக வாசித்தது இல்லை. மூச்சு முதலில் கேட்கும், ஸ்வரம் அப்புறம்தான் வரும், காய்ச்சலில் படுத்திருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற மூச்சு. உறுமல் செய்துகொண்டிருந்த வேலையை அங்கே ஒரு குழல் செய்கிறது. இதைக் கவனிக்க எனக்கு ஐந்தாறு வருடம் ஆனது.

சரி, புது ஆல்பம். பணிந்துபோனதா என்கிறீர்கள். அப்படித் தோன்றவில்லை. பணிகிற ஆள் 2011, 2014இலேயே பணிந்திருப்பார், திட்டு உச்சத்தில் இருந்த காலம் அது. 'ஹெரிடேஜ்' வந்த புதிதில் மேடையில்கூட உறுமல் பாட்டுகளை ஒதுக்கிவைத்துப் பார்த்தார், ரசிகர்கள் கொதித்தார்கள், பிறகு கச்சேரிகளில் பழைய பாட்டுகள் திரும்ப வந்தன. அந்த வருடங்கள் நெடுக மேடையில் உறுமிக்கொண்டுதான் இருந்தார். "தொண்டை போயிடுச்சு, அதான் நிறுத்திட்டான்" என்று அளந்தவர்கள் ஒரு கச்சேரி வீடியோ பார்த்திருந்தால் போதும்.

புதியதில் உறுமல் ஏன் இருக்கிறது என்பதற்கு ஆல்பத்துக்குள்ளேயே பதில் இருக்கிறது. முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஒரு பணக்கார வீடு. பெரியவர் செத்துவிட்டார், பிள்ளைகளைக் கூட்டி உயில் படிக்கிறார்கள். ஏழு பாட்டுகளுக்குப் பெயரே கிடையாது, உயிலில் இருப்பது போல பத்தி 1, பத்தி 2 என்று எண்கள்தான். இரட்டைப் பிள்ளைகள் தன் ரத்தம் இல்லை, அவர்களுக்குச் சல்லிக்காசு கிடையாது என்று உயில் சொல்கிறது. சொத்து, அந்த வீட்டில் வளர்ந்த போலியோ பாதித்த பெண்ணுக்கு. செத்தவர் குழியிலிருந்து பேசுகிறார், பதில் சொல்ல ஆள் இல்லை என்ற தைரியத்தில் பேசுகிறார். அந்தக் குரல் உறுமாமல் வேறு எப்படி வரும்? சொத்துத் தகராறு நடக்கிற எந்த வீட்டிலாவது பத்திரம் படிக்கும்போது ஒரு ஓரமாக நின்றிருந்தால் இது உங்களுக்குச் சட்டென்று பிடிபடும். நான் நின்றிருக்கிறேன், கதை வேண்டாம்.

எட்டாவதாக ஒன்றே ஒன்றுக்குத்தான் பெயர் இருக்கிறது, 'எ ஸ்டோரி நெவர் டோல்ட்'. அதில் அந்தப் பெண்ணுக்கு ஒரு கடிதம் வருகிறது. அவளும் பெரியவரின் மகள் இல்லை. ஏழு நிமிடச் சொச்சம், உறுமல் கிடையாது, கடைசியில் ஃப்ரெட்ரிக் ஓகெஸனின் கிட்டார் நிதானமாக அழுதுவிட்டுப் போகிறது. என்னைக் கேட்டால் ஆல்பத்திலேயே நல்ல பாட்டு அதுதான். உறுமல் திரும்பியது என்று பட்டாசு வெடிக்கிறவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினார்களா என்று உங்கள் குழுவில் தேடிப் பாருங்கள்.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. ஐந்தாம் பத்தி வாக்கில் அடுத்து உறுமல் எங்கே வரும், எங்கே நிற்கும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிய ஆரம்பித்துவிட்டது. ஜெத்ரோ டல் குழுவின் இயான் ஆண்டர்சன் வந்து உயிலை வசனமாகப் படிக்கிறார், குரல் கம்பீரம்தான், ஆனால் நாலாம் தடவை கேட்கும்போது ஆவணப்படத்துக்குப் பின்னணி பேசுவது போல ஆகிவிடுகிறது. அவர் நாலாம் பத்தியில் வாசிக்கும் புல்லாங்குழல் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை, நூறு தடவை கேட்கலாம். நீங்கள் குதிக்காத இடங்கள் எவை என்று எழுதவில்லை. இந்த ஐந்தாம் பத்தியாக இருந்தால் நாம் ஒரே கட்சி.

உங்கள் 'இன் காடா வெனெனம்' பற்றி. ஓகர்ஃபெல்ட் முதல்முறையாக ஒரு முழு ஆல்பத்தையும் தாய்மொழியில் எழுதினார், பிறகு அதையே ஆங்கிலத்திலும் பாடி இரண்டையும் வெளியிட்டார். மொட்டை மாடியில் எதைக் கேட்டீர்கள் என்று தெரியவில்லை. ஸ்வீடிஷ் பதிப்பைக் கேளுங்கள். ஒரு சொல் எனக்கும் புரியாது, ஆனால் ஆங்கிலத்தில் அந்தக் குரல் ஒரு பாடகர், ஸ்வீடிஷில் அது ஒரு ஆள். ஆல்பத்தின் தொடக்கப் பகுதியில், சுட்டுக்கொல்லப்பட்ட ஸ்வீடன் பிரதமர் ஓலோஃப் பால்மேயின் பேச்சு ஒன்று பாட்டுக்குள் வந்து போகும், அந்த இடத்தில் நான் வேலையை நிறுத்திவிடுவேன். அதை ஓபெத்தே இல்லை என்றவரிடம் வாக்குவாதத்துக்குப் போகாதீர்கள். அவருக்கும் 2009 மாதிரி ஏதோ ஒரு இரவு இருந்திருக்கும், அதைத்தான் காவல் காத்துக்கொண்டிருக்கிறார். உங்களுக்கு அந்த மொட்டை மாடி.

'ஹெரிடேஜ்' சிடி என்னிடம் இல்லை. 2011 கோபத்தில் "இந்தா, நீயே வச்சுக்கோ" என்று ஒரு நண்பர் கையில் திணித்துவிட்டேன். மூன்று வருடம் முன்பு மெதுவாகத் திருப்பிக் கேட்டுப் பார்த்தேன். அந்தத் திட்டுப் பதிவை அச்செடுத்து, உள்ளே மடித்து வைத்திருக்கிறாராம், இரண்டையும் பிரிக்க மாட்டேன் என்கிறார்.