அப்பச்சியின் ஸ்பீக்கர் போன்

கேள்வி: எங்கள் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) 74 வயது. தேவகோட்டை பஸ்ஸிலும் சரி, பேங்கிலும் சரி, போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறார். சிங்கப்பூர் அண்ணன் சாயங்காலம் வீடியோ காலில் வந்தால் பஸ்ஸே திரும்பிப் பார்க்கிறது. சொன்னால் கோபித்துக்கொள்கிறார். என்ன செய்வது? – காரைக்குடி வாசகி

பதில்: இந்த வயதில் ஸ்பீக்கர் போடுகிறவர்கள் பலருக்கு, காதில் வைத்தால் சரியாகக் கேட்பதில்லை. அதனால் புத்திமதியை ஒத்திப்போட்டுவிட்டு, முதலில் போனை வாங்கிப் பாருங்கள்.

திரையின் மேல் விளிம்பில் கோடு போல் ஒரு துவாரம் இருக்கும். குரல் வருவது அதன் வழியாக. டெம்பர்டு கிளாஸோ கவரோ அதை மறைத்திருக்கலாம். சட்டைப்பைத் தூசியும் திருநீறும் அடைத்திருக்கலாம். துவாரம் கீழ்நோக்கும்படி போனைச் சாய்த்து, உலர்ந்த மென்மையான டூத்பிரஷ்ஷால் லேசாகத் தேயுங்கள். ஊசியால் குத்தினால் உள்ளே இருக்கும் வலை கிழியும். வாயால் ஊதினால் ஈரம் உள்ளே போகும்.

அடுத்தது சத்தம். மணியடிக்கும் சத்தம் வேறு, பேச்சின் சத்தம் வேறு. பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கவாட்டு வால்யூம் பட்டனை அழுத்தினால்தான் பேச்சின் சத்தம் ஏறும். இது தெரியாமலே வருடக்கணக்காக ஸ்பீக்கரில் பேசுகிறவர்கள் உண்டு. துவாரம் காது ஓட்டைக்கு நேராகவும் இருக்க வேண்டும். மடலுக்கு மேலே வைத்துக்கொண்டு 'கேட்கலை' என்றால் போன் என்ன செய்யும்?

'சத்தம் கேட்குது, வார்த்தை பிடிபடலை' என்கிறாரா? முதுமையில் முதலில் மங்குவது உச்ச ஸ்தாயி ஒலிகள். 'ச', 'ஸ' போன்ற எழுத்துகள் நழுவிவிடும். பழைய வகை போன் அழைப்பு ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் (ஒலியின் ஸ்தாயியை அளக்கும் அலகு) வரைதான் கடத்தும்; மிச்சமும் அங்கே போய்விடுகிறது. 4ஜி வழிப் பேச்சு, அதாவது வோல்டி, 7000 ஹெர்ட்ஸ் வரை தரக்கூடியது. இரு முனையிலும் வசதி இருக்க வேண்டும். செட்டிங்கில் அதை ஆன் செய்து பாருங்கள். வெளியே போகும்போது மைக் உள்ள வயர் இயர்போன் ஒன்று போதும். ஒரு காதில் மட்டும் மாட்டட்டும், கண்டக்டர் குரல் மற்றதில் கேட்கும்.

இதற்கும் மசியவில்லையென்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். சில நேரம் வெறும் குறும்பிதான் அடைத்திருக்கும். காது குடையும் பட்ஸ் போட்டால் அது இன்னும் உள்ளே போகும். ஒரு காது மட்டும் திடீரென்று கேட்காமல் போனால் நாள் கடத்தாதீர்கள், உடனே காட்டுவது முக்கியம்.

கோபத்துக்கு வருவோம். 'அடுத்தவங்களுக்குத் தொந்தரவு' என்றால் எடுபடாது. 'நகை அடகு, டெபாசிட் கணக்கு எல்லாம் பேங்க் வரிசையே கேட்குது, ஓடிபி-யும் கேட்கும்' என்று சொல்லுங்கள். பணம் என்றால் காது கொடுப்பார். கோயிலில் சைலன்ட் போதாது, பல போன்களில் அலாரம் அதையும் மீறி அடிக்கும், சுவிட்ச் ஆஃப்தான். கோயிலுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே உத்தரவிட்டிருக்கிறது.

வீட்டிலும் ஒரு சங்கதி. சுண்ணாம்புப் பூச்சுச் சுவர், ஆத்தங்குடி டைல்ஸ் தரை, உயர்ந்த கூரை: வளவு (வீட்டின் உள்முற்றப் பகுதி) நடுவே ஸ்பீக்கர் போட்டால் குரல் சுவருக்குச் சுவர் மோதி எழுத்துகள் குழம்பும். குழம்பக் குழம்ப அவர் கத்துவார். மெத்தை, திரை உள்ள சின்ன அறை நல்லது; இல்லையென்றால் திண்ணை.

அண்ணனிடமும் பேசுங்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே இரவு 8 மணிக்குக் கூப்பிட்டால் இங்கே 5.30, அப்பச்சி பஸ்ஸில். வீடியோ கால் பெரும்பாலும் தானாகவே ஸ்பீக்கரில் திறக்கும். அந்த நேரத்தில் வாய்ஸ் கால் போதும். முகம் பார்க்க வேண்டுமானால் அங்கே ஒன்பதரைக்குக் கூப்பிடட்டும். இங்கே ஏழு மணி, அப்பச்சி திண்ணையில் இருப்பார்.