பண்டைய ரோமில் விடுதலையான அடிமை: லிபெர்துஸா, லிபெர்தீனுஸா?

இரண்டும் ஒரே பொருளா என்பது கேள்வி. ஆள் ஒருவரே, சொல்லும் சந்தர்ப்பம்தான் வேறு. இரண்டுக்கும் வேர் 'லீபெர்', சுதந்திரமானவர் என்று பொருள். இன்னாருடைய அடிமையாக இருந்து விடுபட்டவர் என்று உறவைச் சொன்னால் லிபெர்துஸ். பெண் என்றால் லிபெர்தா. சமூகத்தில் அவருக்குள்ள தகுதியைச் சொன்னால் லிபெர்தீனுஸ்.

கல்வெட்டில் புதிதாகப் படிப்பவர்கள் சறுக்குவது ஓர் எழுத்தில். எஜமானின் முன்பெயர் (மார்க்குஸ் போன்ற தனிப்பெயர்) சுருக்கத்தை அடுத்து 'எல்' இருந்தால் அவர் விடுவித்த ஆள்; 'எஃப்' இருந்தால் பெற்ற பிள்ளை. விடுவித்தவர் பெண் என்றால் முன்பெயர் இருக்காது, தலைகீழாகத் திருப்பிய 'சி' நிற்கும். இதை எழுத்துப்பிழை என்று தள்ளிவிடாதீர்கள்.

எஜமானின் குடும்பப்பெயரும் ஒட்டிக்கொள்ளும்: ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் அடிமை தீரோ, விடுதலைக்குப் பின் மார்க்குஸ் துல்லியுஸ் தீரோ. முறைப்படி விடுவிக்க அடிமையின் மதிப்பில் 5% வரி உண்டு. குடியுரிமை கிடைக்கும், உயர்பதவிகள் கிடைக்காது. அதன்பின் பிறக்கும் பிள்ளைகளுக்கு அந்தத் தடை இல்லை.

ஒழுக்கங்கெட்டவர் என்ற பொருளில் ஆங்கிலத்தில் வழங்கும் 'லிபர்ட்டைன்' இதே சொல்லின் வாரிசுதான். அந்தப் பழி பிற்கால ஐரோப்பாவில் ஏறியது.