மீன் கேட்டால் என்ஏ வருகிறதா? ஆர் மென்பொருள் கேள்வி பதில்

இன்று மாலை இரண்டு மணி நேரம் இருக்கிறேன். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் படம் வரைவது, சராசரி, இடைநிலை அளவு, திட்ட விலக்கம் இவற்றை மட்டும் கேளுங்கள். எதைக் கேட்டாலும் "முதலில் படம் வரைந்தாயா?" என்றுதான் திருப்பிக் கேட்பேன். கோபித்துக்கொள்ளக் கூடாது.

இளங்கலை மாணவர்: மேடம், ஆர் கூடவே வரும் நியூயார்க் காற்றுத் தரத் தரவில் ஓசோனின் சராசரி கேட்டு மீன் கட்டளை கொடுத்தேன். எண்ணுக்குப் பதிலாக என்ஏ என்று வருகிறது.

1973 மே முதல் செப்டம்பர் வரை 153 நாள் அளவீடுகள் அவை. 37 நாட்களுக்கு ஓசோன் அளவு பதிவாகவில்லை; அந்தக் காலிக் கட்டங்களைத்தான் ஆர் என்ஏ என்கிறது. ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் ஆர் சராசரி சொல்லாது. மென்பொருளின் குறை இல்லை அது, உங்களுக்கான எச்சரிக்கை. கட்டளைக்குள் என்ஏ.ஆர்எம் என்பதை ட்ரூ ஆக்குங்கள், காலிகளை விட்டுவிட்டு 42.13 வரும். வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் இடைநிலை அளவு 31.5தான். சில மோசமான நாட்கள் சராசரியை மேலே இழுத்திருக்கின்றன. படம் வரைந்தீர்களா?

பள்ளி ஆசிரியர்: சம்மரி கட்டளை கொடுத்தாலே எல்லா எண்ணும் வந்துவிடுகிறதே, படம் எதற்கு?

ஆரில் ஆன்ஸ்கோம்ப் என்று தட்டுங்கள். 1973இல் ஆன்ஸ்கோம்ப் என்ற புள்ளியியலாளர் உருவாக்கிய நான்கு சின்னத் தரவுகள், ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்கிலும் எக்ஸின் சராசரி 9, ஒய்யின் சராசரி 7.5, இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று சொல்லும் ஒட்டுறவுக் கெழு ஏறக்குறைய 0.816. வரைந்து பார்த்தால் ஒன்று வளைகோடு. இன்னொன்றில் பத்துப் புள்ளிகள் ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்க, தூரத்தில் இருக்கும் ஒற்றைப் புள்ளிதான் மொத்த ஒட்டுறவையும் தாங்குகிறது. எண்களை மட்டும் பார்த்தவருக்கு நான்கும் ஒன்றுதான்.

முதுகலை மாணவி: ஹிஸ்டோகிராமில் எத்தனை பட்டை வைப்பது அக்கா? ஆரில் படம் வரையும் ஜிஜிபிளாட் தொகுப்பு முப்பது வைத்துவிட்டு, "நீயே மாற்றிக்கொள்" என்பது போல ஒரு செய்தியும் போடுகிறது.

இன்றைக்கு வந்ததிலேயே நல்ல கேள்வி. அந்த முப்பதுக்கு எந்தச் சாஸ்திரமும் இல்லை. நீங்கள் மாற்றவேண்டும் என்பதற்காகத்தான் அந்தச் செய்தியே.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் ஓல்டு ஃபெய்த்ஃபுல் என்ற வெந்நீர் ஊற்று இருக்கிறது. அது ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடம் பொங்கியது என்று 272 பதிவுகள் ஆரிலேயே உண்டு. பட்டை அகலம் இரண்டு நிமிடம் என்று வைத்தால் 55, 85, 132 என்று மூன்று பட்டைகள், அழகாக ஏறும் படிக்கட்டு. அகலத்தை அரை நிமிடமாக்குங்கள்: 55, 37, 5, 9, 34, 75, 54, 3. நடுவில் பள்ளம், இருபக்கமும் மேடு! ஊற்று கொஞ்ச நேரம் பொங்கும், இல்லாவிட்டால் நெடுநேரம் பொங்கும். நடுத்தரமாகப் பொங்குவது அபூர்வம். சராசரி 3.49 நிமிடம். அது விழும் பட்டையில் இருப்பது வெறும் 9 பதிவுகள்! அகலத்தை மூன்று நான்கு விதமாக மாற்றிப் பாருங்கள். எப்படி மாற்றினாலும் நிற்கும் மேட்டை நம்பலாம்.

வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்: பத்தாம் வகுப்பு முறையில் 2, 4, 4, 4, 5, 5, 7, 9க்குத் திட்ட விலக்கம் 2. ஆர் 2.138 என்கிறது. எது தப்பு?

இரண்டும் சரி. சராசரியிலிருந்து உள்ள விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டிப் பள்ளியில் 8ஆல் வகுத்தீர்கள். ஆர் இதைப் பெரிய தொகுதியிலிருந்து எடுத்த மாதிரித் தரவு என்று எடுத்துக்கொண்டு 7ஆல் வகுக்கிறது.

இன்னொருவர்: சராசரி கேட்டால் என்ஏ வருது, ஹெல்ப் பண்ணுங்க.

முதல் பதில்.

பத்திரிகையாளர்: வட்ட விளக்கப்படம் எப்படி வரைவது?

பை என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதன் உதவிப் பக்கமே "இது மிக மோசமான வழி" என்று திட்டுகிறது. பட்டைப் படம் போடுங்கள்.

ஆய்வு மாணவர்: 1 முதல் 10 வரை உள்ள எண்களுக்கு முதல் கால்மானம், அதாவது கீழிருந்து கால்வாசி இடத்து எண், ஆரில் 3.25, எஸ்பிஎஸ்எஸ் என்ற இன்னொரு புள்ளியியல் மென்பொருளில் 2.75. நெறியாளர் என்னைத் திட்டுகிறார்.

அவரிடம் இதைக் காட்டுங்கள். கால்மானம் காணும் ஆரின் குவான்டைல் கட்டளையில் ஒன்பது வழிகள் உண்டு. சொல்லாமல் விட்டால் ஏழாவது; எஸ்பிஎஸ்எஸ் பின்பற்றுவது ஆறாவது. ஆரிலேயே பாக்ஸ்பிளாட் என்ற பெட்டிப் படம் வரைந்தால் பெட்டியின் அடி விளிம்பு 3இல் நிற்கும், அது கீழ்ப்பாதியின் நடு எண்.

குறுக்கே ஒரு பொறியாளர்: கணக்கு என்றால் ஒரே விடைதானே? ஒன்பது வழி என்றால் யாருக்குமே தெரியவில்லை என்றுதான் அர்த்தம்.

பத்துப் பேரை வரிசையாக நிறுத்தி, கால்வாசியில் நிற்பவரைக் காட்டுங்கள் பார்க்கலாம். இரண்டரை ஆள் கிடைப்பாரா? இரண்டு ஆட்களுக்கு நடுவில் எங்கே கோடு போடுவது என்பதில்தான் வேறுபாடு.

பொறியாளர்: எக்ஸெல்லில் இந்தத் தொல்லையே கிடையாது.

குவார்ட்டைல்.இன்க், குவார்ட்டைல்.எக்ஸ்க் என்று கால்மானத்துக்கு எக்ஸெல் இரண்டு வைத்திருக்கிறது சார். முதலாவதில் 3.25, இரண்டாவதில் 2.75. போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பொறியாளர்: பார்த்தேன். அப்படியானால் எக்ஸெல்லும் தப்பு.

சரி. ஆயிரம் பதிவுகளுக்குப் போட்டால் இந்த வித்தியாசம் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. ஆய்வு மாணவரே, எந்த வழி என்று ஆய்வேட்டில் ஒரு வரி எழுதிவிடுங்கள், போதும்.

ஒருவர்: எஸ்பிஎஸ்எஸ் கிராக் லிங்க் கிடைக்குமா?

கிடைக்காது. அதைப் போன்ற பிஎஸ்பிபி இலவசம், ஆரும் இலவசம்.

ஒருவர்: அதிக முறை வரும் எண்ணான முகடு காண மோட் கட்டளை கொடுத்தால் நியூமெரிக் என்கிறது.

அது தரவின் வகையைச் சொல்கிறது. டேபிள் போட்டு எது அதிகம் என்று பாருங்கள்.

ஒருவர்: ஆய்வேட்டுக்குத் தரவு அலசித் தருவீர்களா, எவ்வளவு ஆகும்?

மாட்டேன்.

ஒருவர்: மேடம், ஒரு சின்ன டவுட். மீன் கொடுத்தால் என்ஏ…

தம்பி, முதல் பதில். காலிக் கட்டங்களைத் தூக்கி எறிவதற்கு முன்னால், அவை ஏன் காலி என்று தரவு எடுத்தவரைக் கேளுங்கள். அப்புறம் படம்.

பொறியாளர்: ஆர் வைத்திருக்கும் ஏழாவது வழிதான் சரி என்று யார் முடிவு செய்தது?

நாளைக் காலை எனக்கு முதல் பீரியட் இருக்கிறது சார்.