கேள்வி பதில்: ஆண்டு விழாவில் என்ன வாசிப்பது?

கேள்வி: எங்கள் சபையின் ஆண்டு விழா வருகிறது. வழமைபோல வரலாற்றை வாசித்துவிட்டு, "எங்கள் சமூக ஊழியத்தை ஆசீர்வதியும் ஆண்டவரே" என்று ஒரே வரியில் ஜெபித்து முடிப்போம். இளைஞர்கள் போனை நோண்டிக்கொண்டிருப்பார்கள். இதை உருப்படியாகச் செய்ய வழி உண்டா?
– வாசகி ஒருவர், கொட்டாஞ்சேனை, கொழும்பு

பதில்: அந்தப் பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். அடிக்கல் நாட்டியவர், கூரை மாற்றிய வருடம் என்று அரைமணி நேரம் வாசித்தால் யார்தான் கேட்பார்கள்?

உங்களுக்குப் பக்கத்திலேயே கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் இருக்கிறது. ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கத்தோலிக்கக் குருமாரைத் தடை செய்திருந்த காலத்தில் கொச்சியிலிருந்து வந்து மறைந்து திரிந்த ஒரு குருவிடம், கடலரிப்பால் தவித்த மீனவர்கள் போய் அழ, அவர் கரையில் சிலுவை நட்டு ஜெபித்தார், கடல் பின்வாங்கியது என்றுதான் அதன் கதை தொடங்குகிறது. நம்புவதும் விடுவதும் அவரவர் பாடு. ஆனால் அந்தக் கதைக்கு நடுவில் இருப்பது கட்டடம் இல்லை, கரை பறிபோன சனம். செவ்வாய்க்கிழமைகளில் அங்கே மதம் பாராமல் கூட்டம் வருவதும், 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புக்குப் பிறகு ஜூனில் கதவு திறந்ததும் அதே சனம் திரும்பி வந்ததும் சும்மா இல்லை.

உங்கள் சபையிலும் அப்படிச் சனத்தின் கதையைத் தேடுங்கள். 83 ஜூலை இனக்கலவரத்தில் உங்கள் மண்டபத்தில் யார் வந்து படுத்தார்கள்? 2022 பொருளாதார நெருக்கடியில் சமையல் காஸ் இல்லாத நாட்களில் யார் விறகில் கஞ்சி காய்ச்சினார்கள்? அந்த அன்ரிமாரில் ஒருவரைப் பிடித்து ஐந்து நிமிடம் பேச விடுங்கள், எழுதி வாசிக்க வேண்டாம்.

ஜெபமும் அங்கிருந்தே வரட்டும். பால்மா விலை, சனிக்கிழமை இலவச வகுப்பில் படிப்பிக்க ஆளில்லாத கணித பாடம், உலருணவுப் பொதிகளைத் தன் ஆட்டோவில் ஏற்றி வருகிற அண்ணனின் முதுகுவலி, எல்லாவற்றையும் அப்படியே சொல்லி ஜெபியுங்கள். ஒன்று மட்டும்: பொதி வாங்குகிறவர்களின் பெயரை மைக்கில் சொல்லாதீர்கள். உதவி வாங்குவதே பலருக்குக் கூச்சம், அதை ஊருக்கு அறிவித்து ஜெபிக்க வேண்டியதில்லை.

அப்புறம், ஜெபம் முடிந்த கையோடு அடுத்த மாதம் யார் யார் சமைக்க வருவீர்கள் என்று ஒரு தாளைச் சுற்றி விடுங்கள். போதகரிடம் இதையெல்லாம் முதலே பேசி வையுங்கள், இல்லாவிட்டால் அவர் கூரைக் கதையை எடுத்துவிடுவார்.