துவைத்த பெட்ஷீட்டைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?

கேள்வி: இணையத்தில் மைக்ரோஃபைபர் பெட்ஷீட் செட் ஒன்று வாங்கினேன். தலைப்பில் ‘காட்டன் ஃபீல், 1800 த்ரெட் கவுண்ட்’ என்றும், கீழே ‘120 ஜிஎஸ்எம், பஞ்சு உருண்டை வராது’ என்றும் போட்டிருந்தார்கள். வந்த துணி மெல்லிசாக இருக்கிறது. லேபிளில் ‘100% பாலியஸ்டர்’ என்று இருக்கிறது. படுத்தால் புழுங்குகிறது. நாலு தடவை துவைப்பதற்குள் மேலெல்லாம் சின்னச் சின்ன உருண்டைகள் வந்துவிட்டன. மூன்றாவது வாரமே புகார் செய்தேன். ‘துவைத்துவிட்டீர்கள், மேலும் படுக்கைத் துணியைச் சுகாதாரக் காரணத்தால் திரும்ப எடுக்க மாட்டோம்’ என்கிறார்கள். இப்போது ஐந்து வாரம் ஆகிறது. என்னை ஏமாற்றிவிட்டார்களா? பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: உங்கள் குற்றச்சாட்டுகளில் சில நிற்கும், சில நிற்காது. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் புகார் எழுதினால், நிற்காததைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தரப்பு நிற்பதையும் தள்ளிவிடும். அதனால் முதலில் பிரித்துவிடுவோம்.

‘பாலியஸ்டரைத் தந்துவிட்டார்கள்’ என்பது நிற்காது. மைக்ரோஃபைபர் என்று சொல்வது இழையின் நுண்மையை. 9,000 மீட்டர் நீள இழை ஒரு கிராம் எடை இருந்தால் அது ஒரு டெனியர். அதைவிட மெல்லியதை மைக்ரோஃபைபர் என்கிறார்கள். பெட்ஷீட்டில் அது பெரும்பாலும் பாலியஸ்டர்தான். ‘காட்டன் ஃபீல்’ என்றால் தொட்டால் பருத்தி மாதிரி இருக்கும் என்பதோடு சரி, பருத்தி கலந்திருக்கிறது என்று ஆகாது. ஆனால் அந்தப் பக்கத்தை இன்னொரு முறை பாருங்கள். படத்திலோ விவரத்திலோ எங்காவது வெறுமனே ‘காட்டன்’ என்றோ ‘100% காட்டன்’ என்றோ இருந்தால் கதையே மாறிவிடும். அப்போது பொருள் விவரத்துக்கு முரணானது, அது ஒன்றே போதும்.

புழுக்கத்துக்கும் சட்டத்தில் பரிகாரம் கிடைப்பது கடினம். சாதாரணக் காற்று ஈரத்தில் பருத்தி தன் எடையில் ஏறக்குறைய 7 முதல் 8 சதவீதம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் இழுப்பது 0.4 சதவீதம்தான். வியர்வை துணிக்குள் போகாமல் உடம்பிலேயே நிற்பதற்கு அதுதான் காரணம். இது அந்த இழையின் குணம், தயாரிப்புக் குறை என்று சொல்ல முடியாது. ஒரு விதிவிலக்கு இருக்கிறது. வாங்குவதற்கு முன் ‘எனக்கு அதிகம் வியர்க்கும், இது ஒத்துவருமா?’ என்று கேட்டு, அவர்கள் ‘குளிர்ச்சியாக இருக்கும், தாராளமாக வாங்குங்கள்’ என்று பதில் அனுப்பியிருந்தால், குறிப்பிட்ட தேவைக்குப் பொருந்தும் என்று விற்றவரே உறுதி சொன்னதாக வாதாடலாம். அப்படிப்பட்ட அரட்டை ஏதாவது கைபேசியில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

இனி நிற்பவை. நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று கடிதத்தில் இல்லை. நல்லவேளை, அடிப்படை விதி பல நாடுகளுக்கும் பொது. இங்கிலாந்தின் 1893-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தை ஒட்டியே இலங்கையின் 1896-ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் இந்தியாவின் 1930-ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தன. இந்தியச் சட்டத்தை ஒட்டி மலேசியாவின் 1957-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது எல்லாவற்றிலும் உண்டு. இந்தியாவில் அது 15-ஆம் பிரிவு. இணையத்தில் நாம் துணியைத் தொட்டுப் பார்த்து வாங்குவதில்லை, எழுதியிருப்பதை நம்பித்தான் வாங்குகிறோம். ஆகவே அந்த எழுத்துதான் உங்கள் ஒப்பந்தம்.

எழுத்திலும் இரண்டு வகை. ‘பட்டுப் போல மென்மை’, ‘ஹோட்டல் தரம்’ என்பவை வியாபாரப் புகழ்ச்சி, நீதிமன்றம் அவற்றைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. ‘120 ஜிஎஸ்எம்’ அப்படியல்ல. ஒரு சதுர மீட்டர் துணி 120 கிராம் இருக்கும் என்பது அளந்து பார்க்கக்கூடிய வாக்குறுதி. நீங்களே அளக்கலாம். எலாஸ்டிக் இல்லாத ஷீட்டை நன்றாகக் காயவைத்து, நீள அகலத்தை மீட்டரில் அளந்து பெருக்குங்கள். எடையைக் கிராமில் எடுத்து, அந்தப் பரப்பால் வகுங்கள். 2.5 மீட்டருக்கு 2.7 மீட்டர் ஷீட் என்றால் பரப்பு 6.75 சதுர மீட்டர். 120 ஜிஎஸ்எம் உண்மை என்றால் அது சுமார் 810 கிராம் இருக்க வேண்டும். தராசு 600 காட்டினால் உங்களிடம் இருப்பது 89 ஜிஎஸ்எம் துணி. எடை தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். உங்கள் வழக்கில் இதைவிட வலுவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

‘பஞ்சு உருண்டை வராது’ என்பதும் திட்டவட்டமான வாக்குறுதிதான். நாலு துவைப்பில் அது பொய்த்துவிட்டது. ஆனால் லேபிளில் சொன்னபடி துவைத்தீர்களா என்று கட்டாயம் கேட்பார்கள். கொதிக்கும் நீரில் போட்டிருந்தாலோ, அதிகச் சூட்டில் உலர்த்தியிருந்தாலோ பழி உங்கள் பக்கம் வரும். அதை மறைக்காமல் இப்போதே யோசித்து வையுங்கள்.

1800 த்ரெட் கவுண்ட் என்பதை நான் துணை வாதமாக மட்டும் வைப்பேன். ஒரு சதுர அங்குலத்தில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல், குறுக்கே ஓடும் ஊடை நூல் இரண்டின் கூட்டுத்தொகைதான் த்ரெட் கவுண்ட். முறுக்கிய நூலுக்குள் இருக்கும் ஒவ்வொரு இழையையும் தனியாக எண்ணி எண்ணிக்கையை ஊதிக்காட்டுவது வாங்குவோரைத் தவறாக வழிநடத்தக்கூடும் என்று அமெரிக்காவின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான எஃப்டிசியின் அதிகாரிகள் 2005-இலேயே கருத்து சொல்லியிருக்கிறார்கள். மைக்ரோஃபைபரில் இந்த எண்ணுக்குப் பெரிய அர்த்தமும் இல்லை. ஆனாலும் எண்ணைப் போட்டு விற்றவர், அது எப்படி வந்தது என்று விளக்கக் கடமைப்பட்டவர்.

சரி, ‘துவைத்துவிட்டீர்கள்’ என்ற பதிலுக்கு வருவோம். இதைக் கேட்டுத்தான் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள், எனக்கு அதில் மிகுந்த வருத்தம். மனம் மாறித் திருப்பிக் கொடுப்பது வேறு, குறையுள்ள பொருளைத் திருப்பிக் கொடுப்பது வேறு. மனம் மாறினால் கடையின் ரிட்டர்ன் விதி பேசும், அங்கே துவைத்த துணிக்கு இடமில்லாமல் போகலாம். குறைக்கு அந்த விதி திரையாக முடியாது. உருண்டை திரளும் குறை துவைத்தால்தான் வெளியே வரும், பெட்டியைத் திறந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத குறைக்கு விற்றவரே பொறுப்பு என்பதும் அதே பழைய சட்டங்களில் இருப்பதுதான். சுகாதாரம் என்ற காரணத்தையும் ஒரு நீதிமன்றம் தொட்டிருக்கிறது. இணையத்தில் வாங்கிய மெத்தையின் பாதுகாப்பு உறையைப் பிரித்த பிறகும் 14 நாள் திரும்பப்பெறும் உரிமை உண்டு என்று 2019-இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது மற்ற நாடுகளைக் கட்டுப்படுத்தாது, ஆனால் மெத்தைக்கே அப்படி என்றால் துணிக்குச் சுகாதாரம் பேசுவது எவ்வளவு பலவீனம் என்பதைக் காட்டும்.

காலக்கெடுதான் எனக்குக் கவலை தருகிறது. நீண்ட நாள் பேசாமல் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும், பிறகு பொருளை நிராகரிக்க முடியாது, நஷ்ட ஈடு மட்டும்தான் கேட்கலாம். நீங்கள் மூன்றாவது வாரமே புகார் செய்தது இங்கே பெரிய பலம். இந்தியாவில் பில்லில் வேறு கெடு இல்லாதபோது, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக முறை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம், இவ்வளவு சிறிய தொகைக்கு மனுக் கட்டணமும் இல்லை. பிரிட்டனில் நேரடியாக நிராகரிக்கும் உரிமை 30 நாள்தான், அதற்குப் பிறகு முதலில் மாற்றுப் பொருளோ பழுது நீக்கமோ கேட்க வேண்டும். சிங்கப்பூரில் ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, கொடுக்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இலங்கையில் பொருளை வாங்கிய மூன்று மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் புகாரை எழுத்தில் தர வேண்டும். மலேசியாவில் நுகர்வோர் கோரல் தீர்ப்பாயம் இருக்கிறது, வக்கீல் வைக்க வேண்டிய தேவையே இல்லை.

இன்றே செய்ய வேண்டியது: பொருளின் பக்கத்தை முழுதாக ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு அவர்கள் மாற்றிவிடலாம். பில், லேபிள், உருண்டை வந்த இடம், முதல் புகார் போன தேதி எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும். ஷீட்டை இனிப் பயன்படுத்தாதீர்கள். அப்புறம் மின்னஞ்சலில் இப்படி எழுதுங்கள்: ‘120 ஜிஎஸ்எம் என்றும் உருண்டை வராது என்றும் விவரித்து விற்றீர்கள். நான் அளந்ததில் இத்தனை ஜிஎஸ்எம். நாலு துவைப்பில் உருண்டை வந்துவிட்டது, படம் இணைத்துள்ளேன். இன்ன தேதியிலேயே தெரிவித்தேன். பொருள் விவரத்துக்கு ஒத்தில்லாததால் 15 நாளுக்குள் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். தவறினால் நுகர்வோர் அமைப்பை நாடுவேன்.’ பாலியஸ்டர், புழுக்கம் இரண்டையும் இதில் எழுதவே வேண்டாம். விற்பனையாளர், விற்பனைத் தளம் இருவருக்கும் அனுப்புங்கள்.

அடுத்த முறை வாங்கும்போது இழையின் பெயரும் சதவீதமும் எங்கே எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். அமெரிக்காவில் 1958-இல் இயற்றிய ஒரு சட்டம் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்திலும் கட்டாயம். ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 முத்திரை இருந்தால் தீங்கான வேதிப்பொருள்களுக்குச் சோதிக்கப்பட்டது என்று பொருள், பருத்தி என்றோ நீடித்து உழைக்கும் என்றோ அது சொல்வதில்லை. மைக்ரோஃபைபரே வேண்டுமென்றால் த்ரெட் கவுண்ட்டை விட்டுவிட்டு ஜிஎஸ்எம் கேளுங்கள். சீக்கிரம் காயும், சுருக்கம் விழாது, அதற்காக வாங்குவதில் தவறில்லை. புழுக்கம் தாங்காதவர் பருத்திக்கே போவது நல்லது. எதைக் கேட்டாலும் பேச்சில் கேட்காமல் எழுத்தில் கேட்டு, பதிலை அழிக்காமல் வைத்திருங்கள்.